பிளாட்டன்: ஊர் போனது, ஊரார் பிழைத்தார்கள்

சுவிட்சர்லாந்தின் தெற்குப் பகுதியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, ஏறத்தாழ 300 பேர் வாழ்ந்த ஒரு சின்னக் கிராமம் இருந்தது. அதன் பெயர் பிளாட்டன். கருத்துப்போன பழைய மரவீடுகள், நடுவில் ஒரு தேவாலயம், இரண்டு மூன்று தங்கும் விடுதிகள், பக்கத்திலேயே சலசலத்து ஓடும் ஆறு, நிமிர்ந்து பார்த்தால் பனி மூடிய சிகரம். சுவிஸ் காலண்டர்களில் வரும் படம் போலவே இருந்த ஊர் அது.

2025ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் 3.24 மணிக்கு அந்த ஊர் மண்ணுக்குள் போனது. மேலேயிருந்த பனியாறு ஒன்று பாறைகளோடு சேர்ந்து சரிந்து விழ, கிராமத்தின் 90 சதவீதம் புதைந்துவிட்டது. சில நிமிடங்கள்கூட ஆகவில்லை.

அப்போது அந்த வீடுகளில் ஒருவர்கூட இல்லை. ஒன்பது நாட்களுக்கு முன்பே ஊரைக் காலி செய்திருந்தார்கள். மனிதர்கள் மட்டுமல்ல, ஆடு மாடுகளும் கிளம்பிப் போயிருந்தன. ஒரு மலையின் நடவடிக்கையை மனிதர்கள் எப்படி இவ்வளவு சரியாகக் கணித்தார்கள்? ஊரே போன பிறகு அந்த மக்கள் என்ன செய்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள அந்தப் பள்ளத்தாக்கின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

மலைக்குள் ஒளிந்த பள்ளத்தாக்கு

பிளாட்டன் இருப்பது வாலே என்ற மாநிலத்தில். ரோன் நதி பாய்ந்து வரும் பெரிய பள்ளத்தாக்குதான் வாலேயின் முதுகெலும்பு. அதன் இரண்டு பக்கங்களிலும் கிளைக் கிளையாகச் சின்னப் பள்ளத்தாக்குகள் பிரிகின்றன. வடக்குப் பக்கம் பிரியும் கிளைகளில் மிகப் பெரியது லோச்சென்டால். நீளம் சுமார் 27 கிலோமீட்டர். அதற்குள் லோன்சா என்ற ஆறு ஓடுகிறது.

பள்ளத்தாக்கின் வாய்ப்பகுதி மிகவும் குறுகல். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைகள். அந்த இடுக்கைத் தாண்டி உள்ளே போனால்தான் நிலம் விரிகிறது. கீழிருந்து மேலாக வரிசையாக நான்கு கிராமங்கள்: ஃபெர்டன், கிப்பெல், வீலர், பிளாட்டன். நான்கையும் சேர்த்தாலும் மக்கள்தொகை சுமார் 1,500தான். பிளாட்டன்தான் கடைசி ஊர். கடல் மட்டத்திலிருந்து 1,540 மீட்டர் உயரம். (இதே மாநிலத்தில் பிளாட்டன் என்ற பெயரில் வேறொரு ஊரும் உண்டு. அது நாட்டர்ஸ் நகருக்கு மேலே இருக்கிறது.)

பிளாட்டனுக்கு அப்பால் ஃபாஃப்லர்ஆல்ப் என்ற கோடைக்கால மேய்ச்சல் நிலம். அதற்கும் அப்பால் லாங் பனியாறு. லோன்சா ஆறு பிறப்பது அங்கேதான். அந்தப் பனியாற்றின் தலைப்பகுதியில் இருக்கும் கணவாயைக் கடந்து இறங்கினால், ஆல்ப்ஸ் மலையிலேயே மிக நீளமான அலெச் பனியாறு வந்துவிடும். 2001ல் யுனெஸ்கோ இந்தப் பனிமலைப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பள்ளத்தாக்கின் தெற்குச் சுவராக நிற்பது பீட்ச்ஹார்ன் சிகரம். உயரம் 3,934 மீட்டர். இதில் முதன்முதலில் ஏறியவர் லெஸ்லி ஸ்டீஃபன் என்ற ஆங்கிலேயர். ஆண்டு 1859. எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் அப்பா இவர். இவரைப் போன்ற மலையேறிகள் வர ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பள்ளத்தாக்கின் பெயர் வெளி உலகத்துக்குத் தெரிந்தது.

லோன்சா என்ற பெயரை எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? கொரோனா காலத்தில் மாடர்னா தடுப்பூசிக்கான மூலப்பொருளைத் தயாரித்துக் கொடுத்த சுவிஸ் நிறுவனத்தின் பெயரும் லோன்சாதான். 1897ல் இந்த ஆறு ரோன் நதியோடு சேரும் இடத்துக்கு அருகே, கம்பெல் என்ற ஊரில், ஆற்று நீரில் மின்சாரம் எடுத்துத் தொடங்கிய நிறுவனம் அது. அதனால் ஆற்றின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

கையிருப்பில் வாழ்ந்தவர்கள்

லோச்சென்டால் மக்கள் பேசுவது ஜெர்மன். ஆனால் பெர்லினிலிருந்து வருபவருக்கு அது எளிதில் புரியாது. அந்த அளவுக்குத் தனித்த வட்டார வழக்கு. மதம் கத்தோலிக்கம். பல நூற்றாண்டுகள் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே பங்குதான். அந்தக் கோயில் கிப்பெலில் இருந்தது. பிளாட்டன்காரர்கள் திருப்பலிக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் அங்கேதான் நடந்து போனார்கள்.

குளிர்காலத்தில் பனிச்சரிவு விழுந்தால் வெளியே போகவே வழி இருக்காது. அதனால் எல்லாவற்றையும் சேமித்து வைக்கப் பழகினார்கள். வாலே மலைக் கிராமங்களில் குளிரைத் தாங்கும் ரை என்ற தானியம்தான் முக்கிய உணவு. ஊருக்குப் பொதுவாக ஓர் அடுப்பு இருக்கும். வருஷத்தில் சில தடவைதான் அதை மூட்டுவார்கள். அப்போது சுட்டு வைக்கும் ரை ரொட்டி மாதக்கணக்கில் வரும். கல் போல இறுகிப்போன ரொட்டியை வெட்டி, பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவார்கள்.

தானியம் வைக்கும் குதிருக்கும் அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மரத்தால் கட்டிய குதிரை நான்கைந்து கால்கள் மேல் தூக்கி நிறுத்துவார்கள். ஒவ்வொரு காலின் உச்சியிலும் ஆட்டுக்கல் அகலத்துக்கு ஒரு தட்டையான வட்டக்கல். காலில் ஏறி வரும் எலி, அந்தக் கல்லின் அடியில் தலைகீழாகத் தொங்கித் தாண்ட முடியாமல் திரும்பிவிடும்.

வீடுகள் லார்ச் என்ற ஊசியிலை மரத்தில் கட்டியவை. வெயில் பட்டுப் பட்டு அந்த மரம் முதலில் பழுப்பாகி, பிறகு கறுப்பாகிவிடும். ஒரு வீட்டின் நிறத்தை வைத்தே அதன் வயதைத் தோராயமாகச் சொல்லலாம். பிளாட்டனின் நடு ஊரில் இப்படிக் கறுத்த வீடுகள் நெருக்கமாக நின்றன. பனிச்சரிவு எங்கே விழும், எங்கே விழாது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடங்கள் அவை.

முகமூடி ஓடும் மாதம்

பள்ளத்தாக்குக்கு உலகப் புகழ் தேடித் தந்தது ஒரு முகமூடி வழக்கம். பெயர் ட்ஷேகேட்டா. பிப்ரவரி 2ஆம் தேதி ஆண்டவரைக் காணிக்கையாக்கிய திருநாள் முடிந்ததும் தொடங்கி, சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் வரை இது நடக்கும்.

பைன் வகை மரத்தில் செதுக்கிய கோரமான முகமூடி. கோணல் வாய், உண்மையான மாட்டுப் பற்கள், பிதுங்கிய கண்கள். உடம்பில் ஆட்டுத்தோல், இடுப்பில் பெரிய மாட்டு மணி. இந்த வேஷத்தில் இளைஞர்கள் தெருவில் ஓடி வருவார்கள். எதிரே அகப்பட்டவர்கள் முகத்தில் பனியைத் தேய்ப்பார்கள். முன்பெல்லாம் கல்யாணம் ஆகாத ஆண்கள் மட்டுமே இந்த வேஷம் போடலாம். இன்று பெண்களும் பிள்ளைகளும்கூடப் போடுகிறார்கள்.

இது எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள். குளிர்காலப் பேய்களை விரட்ட வந்த வழக்கம் என்பது ஒன்று. பள்ளத்தாக்கின் வெயில் படாத பக்கம் குடியிருந்த திருடர்கள் இப்படி வேஷம் போட்டு எதிர்ப்பக்கத்து ஊர்களைக் கொள்ளையடித்தார்கள், அதன் ஞாபகம்தான் இது என்பது இன்னொன்று.

கோடையில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி. இயேசுவின் திருவுடல் திருநாள் பவனியில் பழைய காலப் போர்வீரர் சீருடை அணிந்த ஆண்கள் அணிவகுத்து வருவார்கள். 'ஆண்டவரின் படைவீரர்கள்' என்று இவர்களுக்குப் பெயர். நிலம் சோறு போடாத காலத்தில் சுவிஸ் மலைவாசிகள் அயல்நாட்டு அரசர்களின் படைகளில் கூலிக்குச் சேர்ந்து சண்டை போட்டார்கள். அந்தக் காலத்தின் மிச்சம்தான் இந்தச் சீருடை.

குகைப்பாதை கொண்டுவந்த மாற்றம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை லோச்சென்டாலுக்கு வெளியே போக நடைபாதையும் கோவேறு கழுதையும்தான். 1906ல் பள்ளத்தாக்கின் வாய்ப்பகுதியில் இருக்கும் கோப்பன்ஸ்டைனில் வேலை ஆட்கள் குவிந்தார்கள். பெர்ன் பக்கத்தையும் வாலேயையும் இணைக்க லோச்பெர்க் ரயில் குகைப்பாதை தோண்டத் தொடங்கினார்கள்.

மலை லேசில் விடவில்லை. 1908 பிப்ரவரி 29 அன்று கோப்பன்ஸ்டைனில் பனிச்சரிவு விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதே வருஷம் ஜூலை 24 அன்று மறுமுனையில் இன்னும் பெரிய விபத்து. பாறை என்று நினைத்துத் தோண்டிய இடத்துக்கு மேலே, பழங்காலப் பனியாறு விட்டுச் சென்ற மணலும் சரளையும் தண்ணீரும் இருந்தன. அத்தனையும் குகைக்குள் பாய்ந்து 25 தொழிலாளர்களை மூழ்கடித்தது. குகைப்பாதையின் அந்தப் பகுதியைச் சுவர் வைத்து மூடிவிட்டு, வளைத்துக்கொண்டு வேறு வழியில் தோண்டினார்கள். 1913ல் 14.6 கிலோமீட்டர் நீளப் பாதை திறக்கப்பட்டது.

இன்றும் அந்தக் குகைக்குள் கார்கள் ஓட்டிப் போவதில்லை. காரை ரயில் மேல் ஏற்றி, உள்ளேயே உட்கார்ந்து சுமார் கால் மணி நேரத்தில் மறுபக்கம் வந்துவிடலாம். ஆனால் பள்ளத்தாக்கின் கடைசி ஊரான பிளாட்டனுக்கு மோட்டார் சாலை வந்தது 1950களில்தான். சாலை வந்த பிறகு விவசாயம் குறைந்தது, சுற்றுலா வளர்ந்தது. பலர் ரோன் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஊர் திரும்பினார்கள். மலைக் கிராமங்கள் காலியாகிக்கொண்டே வந்த காலத்தில் இந்த ஊர் பிடித்து நின்றது.

வளர்ந்த பனியாறு

பனியாறு என்பது அசையாத பனிக்கட்டி அல்ல. உயரத்தில் விழும் பனி அழுந்தி இறுகி, தன் எடையாலேயே மெதுவாகச் சரிவில் இறங்கி வரும். உறைந்த ஆறு என்றே சொல்லலாம். பிளாட்டனுக்கு நேர் எதிரே, தெற்குச் சரிவில், பிர்ச் என்ற சிறிய பனியாறு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே 3,341 மீட்டர் உயரத்தில் 'சின்ன நெஸ்ட்ஹார்ன்' என்ற பாறைச் சிகரம்.

பிர்ச் பனியாறு கொஞ்சம் சந்தேகத்துக்குரியது என்பது முன்பே தெரியும். அதிலிருந்து பனிக்கட்டி உடைந்து விழுந்த சம்பவங்கள் இருந்ததால் 1990களிலிருந்தே அதைக் கண்காணித்து வந்தார்கள்.

இதில் விநோதம் என்னவென்றால், சுவிட்சர்லாந்தின் மற்றப் பனியாறுகள் எல்லாம் சுருங்கிக்கொண்டிருந்தபோது இது மட்டும் முன்னோக்கி வளர்ந்தது. 2022, 2023 என்ற இரண்டே வருடங்களில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் மொத்தப் பனியில் சுமார் 10 சதவீதத்தை இழந்தன. பிர்ச் பனியாறோ சுமார் 2019லிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் முன்னால் வந்திருந்தது.

இது ஆரோக்கியத்தால் வந்த வளர்ச்சி அல்ல, பாரம் தாங்காமல் வந்தது. மேலேயிருந்த சிகரத்திலிருந்து கல்லும் பாறையும் பனியாற்றின் மேல் விழுந்துகொண்டே இருந்தன. அந்தக் கற்போர்வை வெயிலை மறைத்ததால் அடியிலிருந்த பனி சீக்கிரம் உருகவில்லை. அதே போர்வையின் எடை பனியைக் கீழ்நோக்கித் தள்ளியது.

சிகரம் ஏன் உதிர்ந்தது? உயர்ந்த மலைகளில் பாறை இடுக்குகளில் இருக்கும் நீர் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். பாறைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை மாதிரி அது. வெப்பநிலை உயரும்போது அந்தப் பசை இளகுகிறது. ஆனால் ஒரு சிகரம் உடைய பாறையின் அமைப்பும், பழைய விரிசல்களும், நீரின் அழுத்தமும் சேர்ந்தே காரணமாகின்றன. அதனால் ஒரே காரணத்தின் மேல் முழுப் பழியையும் போட விஞ்ஞானிகள் தயங்குகிறார்கள். ஆல்ப்ஸ் மலைகளில் பாறையைப் பிடித்து வைத்திருக்கும் உறைபனி இளகி வருகிறது என்பதில் மட்டும் அவர்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஒன்பது நாள் காத்திருப்பு

2025 மே மாத நடுவில் சின்ன நெஸ்ட்ஹார்னிலிருந்து கற்கள் விழுவது திடீரென்று அதிகமானது. கேமராக்களும் ரேடாரும் அந்தப் பக்கம் திரும்பின. சிகரத்தின் ஒரு பகுதி நகர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. மே 17 அன்று ஆபத்தான பகுதியில் இருந்த சிலரை முதலில் வெளியேற்றினார்கள். மே 19 அன்று ஊர் முழுவதும் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது.

என்ன எடுத்துக்கொள்வது? எதை விடுவது? பலர் சில நாளில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில்தான் கதவைப் பூட்டினார்கள். மாடுகளும் ஆடுகளும் கீழே இறக்கப்பட்டன. காலில் அடிபட்டு நடக்க முடியாமல் இருந்த ஒரு பசுவை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். வானத்தில் தொங்கிப் போகும் அந்தப் பசுவின் படம் உலகம் முழுவதும் சுற்றியது.

பலரும் எதிர்பார்த்தது, சிகரம் மொத்தமாக இடிந்து விழும் என்று. ஆனால் அது துண்டு துண்டாக உதிர்ந்து பனியாற்றின் மேல் குவிந்தது. அப்படிக் குவிந்த பாறையின் எடை சுமார் 90 லட்சம் டன் என்று கணக்கிட்டார்கள். ஆபத்து சிகரத்திலிருந்து பனியாற்றுக்கு இடம் மாறியது. அதன் வேகம் நாளுக்கு நாள் கூடி, கடைசியில் ஒரே நாளில் பல மீட்டர் நகர்ந்தது.

மே 28 பிற்பகல் பனியாறு முழுவதும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. நிலநடுக்கக் கருவிகளில் 3.1 அளவு அதிர்வு பதிவானது. பள்ளத்தாக்கையே தூசி மேகம் மூடியது. அது கலைந்தபோது, ஊர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பாறையும் பனியும் மண்ணும் கலந்த மேடு கிடந்தது. சரிந்து வந்த வேகத்தில் அது எதிர்ப்பக்க மலையில் மேலேறிப் போய்த்தான் நின்றது.

விழுந்ததன் அளவு சுமார் 1 கோடி கன மீட்டர். ஒரு லாரியில் 10 கன மீட்டர் ஏற்றினால், அள்ளிப் போட 10 லட்சம் லாரி லோடு வேண்டும். தேவாலயம், விடுதிகள், கறுத்த மரவீடுகள் எல்லாம் அடியில். பக்கத்துக் குக்கிராமமான ரீடும் போனது.

துயரம் இல்லாமலும் இல்லை. வெளியேற்றப்பட்ட எல்லைக்கு அப்பால் இருந்த ஒருவர் அன்று காணாமல் போனார். பல நாள் தேடலுக்குப் பிறகு அவர் உடல் மீட்கப்பட்டது.

அடுத்து வந்தது வெள்ளம்

அந்த மேடு லோன்சா ஆற்றை அணை போல மறித்துவிட்டது. பின்னால் ஏரி தேங்கத் தொடங்கியது. புதையாமல் தப்பிய வீடுகளில் பல அந்த ஏரியில் மூழ்கின. மண் சரிவு விட்டுவைத்ததைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது.

இந்தத் தற்காலிக அணை திடீரென்று உடைந்தால் கீழே இருக்கும் ஊர்களின் கதி? பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் ஃபெர்டனில் ஒரு நீர்மின் அணை உண்டு. வெள்ளம் வந்தால் தாங்கிக்கொள்ள, அதிலிருந்த தண்ணீரை முன்கூட்டியே திறந்து விட்டுக் காலி செய்தார்கள். ரோன் கரையிலிருக்கும் கம்பெல், ஷ்டெக் ஊர் மக்களையும் எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்கச் சொன்னார்கள். ராணுவம் இயந்திரங்களோடு காத்திருந்தது. மலை இன்னும் உதிர்ந்துகொண்டிருந்ததால் உள்ளே போக முடியவில்லை. இரண்டு நாளில் ஆறு தானாகவே மேட்டின் மேல் வழி கண்டுபிடித்து மெதுவாக ஓட ஆரம்பித்தது. கீழ் ஊர்கள் தப்பின.

சொல்லியும் கேட்காத காலம், கேட்ட காலம்

சுவிஸ் மலைகளில் ஊர் புதைவது இது முதல் தடவை அல்ல. 1806 செப்டம்பர் 2 அன்று கோல்டாவ் என்ற ஊரின் மேல் மலை சரிந்து 457 பேர் இறந்தார்கள். 1881 செப்டம்பர் 11 அன்று எல்ம் கிராமத்தில் நடந்ததோ இன்னும் வேதனையானது.

எல்ம் ஊருக்கு மேலே சிலேட்டுக் கல் வெட்டும் குவாரி இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு எழுதும் பலகை தேவைப்பட்ட காலம், நல்ல வருமானம். மலையின் அடிப்பகுதியைக் குடைந்துகொண்டே போனார்கள். மேலே விரிசல் விட்டது, கற்கள் விழுந்தன. அதிகாரிகள் வந்து பார்த்து, உடனடி ஆபத்து இல்லை என்று முடிவு செய்தார்கள். அதற்கு மறுநாளே மலை இறங்கியது. முதல் சரிவில் சிக்கியவர்களைக் காப்பாற்ற ஓடிப் போனவர்களும் அடுத்த சரிவில் மாட்டினார்கள். 114 உயிர்கள் போயின. ஆல்பர்ட் ஹைம் என்ற புவியியல் அறிஞர் அந்தச் சரிவை விரிவாக ஆராய்ந்து எழுதினார். மலைச் சரிவு பற்றிய இன்றைய அறிவியலுக்கு அது ஓர் அடித்தளம்.

எல்மிலும் மலை முன்கூட்டியே அறிகுறி காட்டியது, பிளாட்டனிலும் காட்டியது. எல்மில் கண்ணால் பார்த்து மனசுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். பிளாட்டனில் ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் நகர்கிறது என்று அளந்தார்கள். கருவி மட்டும் போதாது. 'சிகரம் நகர்கிறது, கிளம்புங்கள்' என்று சொல்ல ஒரு நிர்வாகத்துக்குத் துணிச்சல் வேண்டும். எதுவும் விழாமல் போயிருந்தால் கேலி பேசியிருப்பார்கள். சொன்னதை நம்பி, பாட்டன் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப மக்களுக்கும் மனசு வேண்டும். மூன்றும் சேர்ந்ததால்தான் 300 பேர் பிழைத்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் கிழக்கே ப்ரீன்ஸ் என்ற கிராமத்திலும் 2023 மே மாதம் எல்லோரையும் வெளியேற்றினார்கள். அடுத்த மாதமே ஓர் இரவில் மலை சரிந்தது. ஊரின் விளிம்புக்கு மிக அருகில் வந்து நின்றுவிட்டது. ஊர் தப்பியது. ஆனால் 2024 நவம்பரில் அவர்கள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

திரும்பிப் போகலாமா?

உயிர் தப்பியது முதல் பாதிதான். வீடில்லாத ஊரார் இப்போது பக்கத்துக் கிராமங்களிலும் ரோன் பள்ளத்தாக்கிலும் சிதறி வாழ்கிறார்கள். ஊர்த் தலைவர் மத்தியாஸ் பெல்வால்ட், கிராமத்தை இழந்தோம், இதயத்தை இழக்கவில்லை என்று அறிவித்தார். பழைய ஊருக்கு அருகிலேயே, பாதுகாப்பான இடங்களில், 2029க்குள் பிளாட்டனை மறுபடி எழுப்புவது என்று ஊராட்சி இலக்கு வைத்திருக்கிறது. சரிவிலிருந்து தப்பி உயரத்தில் நிற்கும் வைசன்ரீட் போன்ற குக்கிராமங்கள் அதற்கு ஊன்றுகோல்.

பணம்? சுவிட்சர்லாந்தில் வீட்டுக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்தால் வெள்ளம், பனிச்சரிவு, மண்சரிவு போன்ற இயற்கைச் சேதங்களும் அதில் அடங்கும். பிளாட்டன் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் போட்ட மதிப்பு சுமார் 32 கோடி ஃப்ராங்க். மத்திய அரசு உடனடி உதவியாக 50 லட்சம் ஃப்ராங்க் ஒதுக்கியது.

ஆனால் நாட்டில் வேறொரு பேச்சும் எழுந்தது. மலைகள் மேலும் மேலும் உதிரப் போகின்றன. 300 பேருக்காக இவ்வளவு பணம் செலவழித்து மறுபடியும் அதே பள்ளத்தாக்கில் ஊர் கட்ட வேண்டுமா? சமவெளியிலேயே குடியேற்றிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள்.

கேட்பது எளிது. அதே அளவுகோலை வைத்தால் ஆல்ப்ஸ் மலையில் எத்தனையோ ஊர்களைக் காலி செய்ய வேண்டிவரும். மலையில் ஆள் இல்லாவிட்டால் மேய்ச்சல் நிலத்தைப் பராமரிப்பது யார், பனிச்சரிவுத் தடுப்புகளைப் பார்ப்பது யார் என்று மலைவாசிகள் திருப்பிக் கேட்கிறார்கள். வாடகை வீட்டில் தனித்தனியாக வாழும் 300 பேருக்குக் கூரை உண்டு. ஆனால் அந்த வட்டார வழக்கும், பிப்ரவரியில் ஓடும் முகமூடியும், கோடைப் பவனியும் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்தால்தான் நிலைக்கும். வீலர் கிராமம் 1900ல் தீப்பிடித்து எரிந்து போனது; அதே இடத்தில் மறுபடி எழுந்தது. அந்த ஞாபகம் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கிறது.

நெருப்புக்கும் மலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எரிந்த ஊரில் மண் அப்படியே இருக்கும், கல் அஸ்திவாரம் மிஞ்சும். பிளாட்டனில் மண்ணே மாறிவிட்டது. மேட்டுக்குள் கலந்திருக்கும் பனி உருக உருக அது இன்னும் அமிழும். ஆற்றுக்குப் புதிய பாதை வெட்ட வேண்டும், சாலை போட வேண்டும், தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவர வேண்டும். அத்தனையையும் செய்யும்போது எதிரே உள்ள சிகரத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் காவல் இனி ஓயப் போவதில்லை. பிளாட்டனின் முன்னோர்கள் பனிச்சரிவு விழும் பாதையைக் கண்ணால் பார்த்து வைத்து, அதற்குத் தப்பி வீடு கட்டினார்கள். பேரப் பிள்ளைகள் ரேடார் வரைபடத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கிறார்கள். மலையில் வாழ்வதற்கு அங்கே எப்போதும் இருந்த நிபந்தனை ஒன்றுதான்: மலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அது கிளம்பும் முன் நாம் கிளம்பிவிட வேண்டும்.